இடக்காலில் நான்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மருமகன் வந்தான். நான் சாய்மனைக் கதிரையில் இருந்து, வாதம் பிடித்த இடக்காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டரை மாமரத்தடியில் விட்டவன், ஹெல்மெட்டைக் கழற்றவும் பொறுமையில்லாமல், "மாமா, வீட்டில இருந்துகொண்டே உழைக்கலாம்" என்றான்.

முப்பத்தொரு வருசம் கந்தோரில் இருந்துகொண்டே உழைத்துப் பென்சன் எடுத்தவன் நான். எனக்கு இருக்கச் சொல்லித் தர வந்திருக்கிறான்.

"என்ன தொழில்?"

"அஃபிலியேட் மார்க்கெற்றிங். கொம்பனி உங்களுக்கெண்டு ஒரு லிங்க் தரும். நீங்கள் அதை ஆக்களுக்கு அனுப்புவியள். அவையள் அதை அமத்திச் சாமான் வாங்கினா உங்களுக்குக் கொமிசன்."

"தரகு."

"தரகில்லை மாமா, அஃபிலியேட்."

"சரி. தரகு."

ஃபோனில் மூன்று கொம்பனிகளைக் குறித்து வைத்திருந்தான். எதை நம்பிச் சேரலாம் என்று தெரியவில்லையாம். "நீங்கள் பழைய கதை எல்லாம் தெரிஞ்ச ஆள், அதுதான் கேக்கிறன்" என்றான். சோப் போடுகிறான் என்று தெரிந்தும் வழுக்கி விழுந்தேன். பென்சன்காரனிடம் பழைய கதை கேட்பவனுக்கு, அவன் கேட்டதைவிட ஒரு முந்நூற்றைம்பது வருசம் கூடவே கிடைக்கும்.

"தம்பி, இந்த அஃபிலியேட்டை அச்சுவேலி 1658 இலேயே செய்து பார்த்திட்டுது" என்று தொடங்கினேன். அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

அந்த வருசம்தான் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். கோட்டையைப் பிடித்த கையோடு ஆள் பிடிக்கவும் தொடங்கினார்கள். கொம்பனியின் பெயர் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி. முதலாளிமார் ஒல்லாந்தில், ஆசியாவுக்கான பெரிய கந்தோர் பத்தாவியாவில். யாழ்ப்பாணத்துக்கு வந்த பிராந்திய மனேஜர், வேதத்தைப் பொறுத்தவரையில், பிலிப்பஸ் பால்டேயஸ் பாதிரியார். 1665 வரை இங்கே இருந்த மனுசன், ஊருக்குப் போய் 1672 இல் பெரிய புத்தகம் ஒன்று போட்டார். அதில் குடாநாட்டின் கோயில்பற்றுக்களை ஒவ்வொன்றாக எழுதுகிறார். தெல்லிப்பழை, மல்லாகம், மயிலிட்டி, உடுவில், வட்டுக்கோட்டை, கோப்பாய், புத்தூர் என்று போகிற அந்தப் பட்டியலில் எங்கள் அச்சுவேலியும் இருக்கிறது. ஒல்லாந்தன் வாயில் அச்சுவேலி என்ன பாடு பட்டிருக்கும் என்பதை அவர் எழுதிய எழுத்துக்கூட்டிலேயே காணலாம்.

திட்டம் எளிமையானது. ஞானஸ்நானம் எடுத்தால் பெயர் தோம்பு என்ற பதிவேட்டில் ஏறும். தோம்பு எழுதுவது பள்ளிக்கூட வாத்தியார். பிறப்பு, கலியாணம் எல்லாம் அவர் கையில். பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வராவிட்டால் தாய் தகப்பனுக்குத் தண்டம். அந்தத் தண்டக்காசிலிருந்துதான் வாத்தியாருக்குச் சம்பளம். பிள்ளைகள் ஒழுங்காக வந்தால் வாத்தியார் பட்டினி என்கிற இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மூளைக்கு இன்றைக்கென்றால் சிலிக்கன் பள்ளத்தாக்கில் ஒரு மாடி கொடுத்திருப்பார்கள். சேர்ந்தால் முதலியார் பதவி, அரசாங்க உத்தியோகம். சேராதவனுக்கு அரசாங்கக் காணியைக் குத்தகைக்கு எடுக்கவும் வழியில்லை.

எங்கள் ஆட்கள் விடுவார்களா? 1660களில் யாழ்ப்பாணத்தில் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்துவிட்டதாகக் கணக்குப் போனது. பத்தாவியாவில் அந்தத் தொகையைப் பார்த்துத் தலையை ஆட்டியிருப்பார்கள். இங்கேயோ பகலில் கோயில்பற்றுப் பள்ளிக்கூடத்தில் செபம் ஒப்புவித்தவர் இரவில் வீட்டு மூலையில் திருநீற்றுக் குடுக்கையைத் தேடினார். விரத நாளில் சாப்பிட்ட வாழையிலையை வெளியில் எறிந்தால் பிடிபடுவோம் என்று சுருட்டிக் கூரையில் செருகினது பறங்கியர் காலத்துப் பழக்கம் என்று கிழவிகள் சொல்வார்கள். கூரையில் இலை செருகுகிற வித்தை கைவசம் உள்ள சனத்திடம் வந்து ஒல்லாந்தன் ஆள் கணக்குக் கேட்டான். கேட்ட கணக்கை எங்கள் ஆட்கள் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

பிறகு நடந்ததுதான் விசயம். 1795 இல் இங்கிலீசுக்காரன் வந்தான். தோம்பில் பெயர் இல்லாவிட்டாலும் உத்தியோகம் உண்டு, தண்டம் இல்லை என்று ஆனது. பதினொரு வருசம்தான். 1806 இல் கிளோடியஸ் புக்கானன் என்ற பாதிரியார் வந்து பார்க்கிறார். ஒல்லாந்தர் காலத்துக் கோயில்கள் பாழடைந்து கிடக்கின்றன. அறுபதினாயிரம் பேர் எங்கே? வீட்டில்தான். கூரையிலிருந்து இலையை எடுத்துவிட்டு, வெளிப்படையாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, அப்ப ஒல்லாந்தர் ஸ்காமோ?" என்றான் மருமகன்.

"ஸ்காம் எண்டு நான் சொல்லேல்லை. கொமிசன் நிண்ட அண்டைக்கு வாடிக்கையாளரும் நிண்டிட்டினம் எண்டுதான் சொல்லுறன்."

இதே ஒல்லாந்தர் காலத்தில் எதிர்க்கடை ஒன்றும் நடந்தது. 1687 இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் என்ற குருவானவர் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்த பாட்டுக்கு வயிற்றுளைவு வேறு. கத்தோலிக்கக் குருமாரை ஒளித்து வைத்தால் மரண தண்டனை என்று ஒல்லாந்தர் முன்னமே பறையறைந்திருந்தார்கள். இந்த மனுசன் என்ன செய்தார் தெரியுமா? கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். மாலையைக் கண்டதும் எந்த வீட்டுக்காரர் முகம் மாறுகிறதோ, அது நம்ம ஆள். சந்தை ஆய்வு என்று இன்றைக்கு எம்பிஏ படித்தவர்கள் இலட்சக் கணக்கில் வாங்கிச் செய்கிற வேலையை ஒரு கைப்பிடி அரிசிக்குச் செய்தவர். பிறகு சில்லாலையில் ஒளிந்திருந்து சனத்தைக் கூட்டினார். அங்கே சேர்ந்தவனுக்குப் பதவியும் இல்லை, குத்தகையும் இல்லை. கொமிசன் இல்லாதது மட்டுமில்லை, பிடிபட்டால் மறியல். ஆனால் ஒல்லாந்தன் போன பிறகு பார்த்தால் அந்தச் சனம் அப்படியே இருந்தது. இன்றைக்கும் அச்சுவேலியில் கோயில் மணி அடிக்கிறது. வாஸ் அடிகளாரை 2015 ஜனவரியில் காலிமுகத்திடலில் வைத்துப் பாப்பரசர் புனிதர் ஆக்கினார். பத்தாவியாக் கந்தோரில் யாரையும் ஆக்கியதாகத் தெரியவில்லை.

நான் சைவக்காரன். ஆனாலும் தரகுக் கணக்கு என்று வந்தால் வாஸ் பக்கம்தான் நிற்பேன்.

இந்த இடத்தில் மனுசி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, "மாமா சொல்லுறதைக் கேள் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனாள். முப்பத்தாறு வருசத்தில் என் பேச்சைக் கேட்கச் சொல்லி அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. நான் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்து புகையிலை. அச்சுவேலி, இடைக்காடு, பத்தமேனிப் பக்கத்துச் செம்மண்ணில் துலா மிதித்து இறைத்து வளர்த்த புகையிலை, பாடம் போட்டுச் சிப்பமாகக் கட்டி, தோணியில் ஏறித் திருவிதாங்கூருக்குப் போனது. தோட்டக்காரனுக்கும் மலையாளத்தானுக்கும் நடுவில் எத்தனை தரகர்! கூப்பிட்டுக் கொடுத்தவன், நிறுத்தவன், நிறுத்ததைப் பார்த்தவன், பார்த்ததைக் கணக்கில் எழுதினவன், எல்லாருக்கும் தரகு. வழி முழுக்கச் சுத்துமாத்து. தோட்டக்காரன் தண்ணி தெளித்து நிறையைக் கூட்டினான். வியாபாரி தராசில் அதைக் கழித்தான். கடைசியில் தரகர்களின் தொல்லை தாங்காமல் 1934 இல் யாழ்ப்பாண மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் என்று ஒன்றை உண்டாக்கினார்கள். பேர் சங்கத்தின் கட்டடத்தைவிட நீளம்.

எவ்வளவு களவு நடந்தாலும் ஒன்று மறுக்க ஏலாது. திருவனந்தபுரத்தில் வெற்றிலையோடு அந்தப் புகையிலையைக் கிள்ளிப் போட்டவனுக்கு அச்சுவேலியில் ஒருத்தரையும் தெரியாது. அவனுக்கு யாரும் லிங்க் அனுப்பவில்லை. தன் கீழே ஆறு பேரைச் சேர்க்க வேண்டும் என்று அவன் சப்பவில்லை. காரம் பிடித்தது, சப்பினான். தூரத்தில் இருக்கிற முகம் தெரியாத ஒருத்தன், தன் வாய்க்காகத் தன் காசைக் கொடுத்து வாங்கினான். தரகு அதற்குள் ஒரு ஓரமாக ஓடினது. புற்றுநோயைப் பற்றி இங்கே பேசவில்லை, அது வேறு கட்டுரை.

ஊரில் அச்சுக்கூடமும் இருந்தது. வேலி எல்லா ஊரிலும் உண்டு, அச்சும் இருந்தது அச்சுவேலியில்தான் என்று எங்கள் தமிழ் வாத்தியார் சிலேடை சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். நல்லூர் ஞானப்பிரகாச சுவாமியாரின் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' 1928 இல் இங்கே அச்சடித்ததுதான். அச்சுவேலி தம்பிமுத்துப்பிள்ளை என்பவர் நூறு வருசத்துக்கு முன்னமே ஒரு நாவல் எழுதினார். பெயர் 'சுந்தரன் செய்த தந்திரம்'. நாவலுக்குள் என்ன இருந்தாலும் இருக்கட்டும், இந்த ஊரில் அந்தத் தலைப்புக்கு மறுபதிப்பு தேவைப்படாத வருசம் கிடையாது. சுந்தரனுக்கு மட்டும் பெயர் மாறும்.

என் முதல் சுந்தரன் தபாற்காரன் கையில் வந்தான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அனுப்பினவன் பெயர் இல்லாத போஸ்காட். சாமி பெயர் சொல்லித் தொடங்கி, இதை இருபத்தொரு பேருக்கு எழுதினால் லொத்தர் விழும், எழுதாமல் கிழித்தவர் வீட்டில் மாடு செத்தது என்று முடிந்தது. எங்களிடம் மாடு இருந்தது. அப்பாவின் சட்டைப்பையில் இருந்து சில்லறை எடுத்து இருபத்தொரு போஸ்காட் வாங்கி, கை நோக நோக எழுதிப் போட்டேன். லொத்தர் விழவில்லை. அப்பா விழுத்தினார். நான் எழுதின இருபத்தொன்றில் ஏழு, வேறு வேறு எழுத்தில், எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தன. ஊர் சின்னது, சொந்தக்காரர் வட்டம் அதைவிடச் சின்னது. அந்த ஆட்டத்தில் உழைத்தது தபால் கந்தோர் ஒன்றுதான். அது ஒருவருக்கும் கடிதம் எழுதவில்லை, முத்திரை மட்டும் விற்றது.

"இப்ப ஃபோனில டேற்றா விக்கிறவன் மாதிரி" என்றான் மருமகன். பெடியன் மந்தமில்லை. ஆசைதான் கொஞ்சம் கூட.

பிறகு யுத்தம். அந்த வருசங்களில் ஒருவரையும் ஒருவரும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை, எல்லாரும் ஒரே பதுங்கு குழிக்குள்தான் இருந்தோம். ஒன்று மட்டும் சொல்ல வேணும். சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் தடைப்பட்ட அந்தக் காலத்தில் அரைப் போத்தல் எண்ணெய்க்கு வரிசையில் நின்ற சனத்துக்கு எவரும் விளம்பரம் செய்யவில்லை.

2002 இல் சமாதானம் என்றார்கள். ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. அந்தப் பாதையால் முதலில் சீமெந்து வந்தது, பிறகு சொந்தக்காரர் வந்தார்கள், அதற்குப் பின்னால் கழுத்துப்பட்டி வந்தது. எங்கள் மச்சான் ஒருத்தன் கொழும்பிலிருந்து வந்து, சித்திரை வெய்யிலில், கோட்டும் ரையும் போட்டு எங்கள் விறாந்தையில் நின்று, ஒரு வெள்ளைப் பலகையில் வட்டம் கீறினான். "இது நீங்கள்." கீழே இரண்டு வட்டம். "இது உங்கட இடக்கால். இது வலக்கால்." சேர வாங்க வேண்டியது ஒரு பவுண் காசு. வெல்வெற் பெட்டியில், சான்றிதழோடு. கொம்பனியின் பெயரைச் சொல்லமாட்டேன், குடும்பத்தில் இன்னும் வழக்குப் பேசுகிறார்கள். காசின் விலை, கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்காரன் அதே நிறைத் தங்கத்துக்குக் கேட்கிற விலையைப்போல் பல மடங்கு. ஏன் என்று கேட்டதற்கு, "இது நகை இல்லை அத்தான், சேகரிப்பு" என்றான். அச்சுவேலியில் அதுவரை சேகரித்தது ஓலையும் சாணமும்தான்.

இரண்டு காலும் சமமாக வளர்ந்தால் கொமிசன். ஒன்று மட்டும் வளர்ந்தால் இல்லை. ஆகவே ஊர் முழுக்க நொண்டியாகத் திரிந்தது. "எனக்கு வலக்காலில ஒரு ஆள் குறையுது" என்று சாவீட்டில் கேட்டார்கள். என் அக்கா தன் காப்பை அடைவு வைத்துக் காசு வாங்கினா. தங்கத்தை வங்கியில் வைத்துத் தங்கம் வாங்கின முதல் பெண்மணி. பெரியத்தான் வீட்டார் அக்காவின் இடக்காலில் சேர்ந்து, தங்களுக்குக் கால் முளைக்காமல், இன்றுவரை கதைக்கிறதில்லை. மகளின் கலியாணத்தில் அவர்கள் ஒரு பந்தலில் இடப்பக்கமும் இவர்கள் வலப்பக்கமும் இருந்ததைப் பார்த்தபோது, கொம்பனி கடைசியில் இரண்டு காலையும் சமப்படுத்திவிட்டது என்று நினைத்தேன்.

மச்சான் வட்டம் கீறின அன்று இரவு நான் லாம்பு வெளிச்சத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு இரண்டு பேர். இரண்டு, நாலு, எட்டு, பதினாறு. இருபதாவது வரிசையில் 10,48,576 பேர் வேண்டும். யாழ்ப்பாண மாவட்டத்தின் சனம், கைக்குழந்தை, சாமியார் எல்லாரையும் சேர்த்து, இன்றைக்கே ஏறக்குறைய ஆறு இலட்சம். இருபதாவது வரிசைக்காரன் தன் காலுக்கு ஆள் தேட நிலாவரைக் கிணற்றுக்குள்தான் இறங்க வேண்டும், அதற்கு அடி இல்லை என்று முன்னோர் சொல்லியிருக்கிறார்கள். கணக்கை மச்சானிடம் காட்டினேன். "அத்தான், நீங்கள் நெகற்றிவ்வா யோசிக்கிறியள்" என்றான். பெருக்கல் வாய்ப்பாடு நெகற்றிவ் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

கொழும்பில் இருந்தவர்களும் அந்த வாய்ப்பாட்டைப் படித்திருக்க வேண்டும். பிறகு வங்கித்தொழில் சட்டத்தைத் திருத்தி 83இ என்று ஒரு பிரிவைச் செருகினார்கள். ஆள் காசு கட்டிச் சேர்ந்து, கிடைக்கிற பலன் பெரும்பாலும் மேலும் ஆட்கள் சேர்வதிலோ அவர்கள் கட்டுகிற காசு கூடுவதிலோ தங்கியிருந்தால் அது தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டம். அதைத் தொடங்குகிறதும் நடத்துகிறதும் மட்டுமில்லை, விளம்பரம் செய்வதும் ஊக்குவிப்பதும் குற்றம். லிங்க் அனுப்புகிற கையும் அதற்குள் வரும். மருமகன் தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

"அப்ப எல்லாமே கள்ளமோ மாமா?"

இல்லை. அதுதான் சிக்கல். எல்லாம் கள்ளமென்றால் எனக்கும் வேலை மிச்சம்.

அமெரிக்காவில் சிடிநவ் என்ற இசைத்தட்டுக் கடை 1994 இல் இந்த அஃபிலியேட் முறையில் இறங்கியது. 1996 ஜூலையில் அமேசன் தன் அசோசியேற்ஸ் திட்டத்தைத் திறந்தது. சேர ஒரு சதமும் கேட்கிறதில்லை. உங்கள் எழுத்தைப் படித்து லிங்கை அமத்தினவர் 24 மணித்தியாலத்துக்குள் சாமானைக் கூடையில் போட்டால் உங்களுக்குப் பங்கு, இல்லாவிட்டால் இல்லை. 180 நாளில் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். இதில் எனக்கு ஆகப் பிடித்த விதி வேறொன்று. உங்கள் லிங்கால் நீங்களே வாங்கக் கூடாது. உங்கள் வீட்டாரும் சிநேகிதரும் உங்களுக்காக வாங்கினாலும் கொமிசன் இல்லை. எங்கள் ஊரில் இந்த விதியை வாசித்துக் காட்டினால், பிறகு எதற்கு அந்தத் தொழில் என்று எழும்பிப் போய்விடுவார்கள். மச்சானின் வெள்ளைப் பலகை தொடங்கினதே அத்தையில்தான். அங்கே அத்தை உங்களுக்காக வாங்கினால் கொமிசன் மூடும். இங்கே அத்தை வாங்காவிட்டால் கொம்பனி மூடும்.

அதுக்காக அமேசனைக் கோயிலில் வைக்கவும் வேண்டாம். 2020 ஏப்ரலில், உலகம் முழுக்க வீட்டுக்குள் அடைபட்டிருந்த நேரம், தளபாடத்துக்குக் கொடுத்த 8 வீதத்தை 3 ஆக வெட்டினார்கள். பலசரக்கு 5 இலிருந்து 1. பேச்சுவார்த்தை இல்லை, ஒரு அறிவித்தல். நேர்மையான முதலாளியும் முதலாளிதான்.

தரகர் பக்கமும் சுந்தரன்மார் உண்டு. ஈபேயின் ஆகப் பெரிய அஃபிலியேட்டாக இருந்த ஷோன் ஹோகன், தன் பக்கத்துக்கு வந்தவர்களின் கணினிகளுக்குள் அவர்கள் அமத்தாமலே ஈபேயின் குக்கியைச் செருகிவிட்டார். அவர்கள் பின்னொரு நாள் தம் பாட்டுக்கு எதையாவது வாங்கினாலும் கொமிசன் இவருக்கு. கோடிக்கணக்கில் உழைத்து, 2014 இல் ஐந்து மாதம் மறியல். ஒருவர் கண்ணில் படாமல் அவர் சட்டைப்பையில் துண்டு வைப்பது. எங்கள் ஊரில் இதைச் செய்வினை என்பார்கள், செம்பில் தகடு வைத்துப் புதைப்பார்கள். அதுக்கு மறியல் கிடையாது.

காசு வருகிற பாதை இன்னொரு கதை. பேபால் இலங்கைக்காரன் காசு அனுப்ப விட்டது, வாங்க விடவில்லை. பல வருசமாக அப்படித்தான் இருந்தது. கொடுக்கலாம், எடுக்க ஏலாது என்பது எங்கள் ஊர் சீதன முறையைப்போலத்தான் என்றாலும், உழைப்பவனுக்கு அது உதவாது. பேயோனியர், காசோலை என்று சுற்றி வர வேண்டியிருந்தது. சேர முதல் பார்க்க வேண்டியது கொமிசன் எத்தனை வீதம் என்பதை அல்ல. சேர்ந்த காசு எந்தத் தொகைக்கு மேல், எந்த வழியால், அச்சுவேலிச் சந்தி வங்கிக் கிளைக்கு வந்து சேரும், ஏற்கெனவே யாருக்கு வந்து சேர்ந்தது என்பதைத்தான். நிறையைப் பற்றிப் பேசுகிற தரகரை அல்ல, போன போகக் காசைக் கையில் கொண்டுவந்து தந்த தரகரைத்தான் தோட்டக்காரன் நம்பினான்.

2023 ஐ மருமகனுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அவன் சிநேகிதரே பாதிப் பேர் அதற்குள் போனவர்கள். எம்ரிஎஃப்ஈ. கனடாக் கொம்பனி என்று சொல்லிக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் கனடா என்ற சொல் அரைவாசிச் சான்றிதழ், மிச்ச அரைவாசிக்கு அவர்கள் செயற்கை நுண்ணறிவு என்றார்கள். நீங்கள் காசைப் போட்டுவிட்டுப் படுத்தால், இயந்திரம் உங்களுக்காக நாணயம் வாங்கி விற்கும். ஆள் சேர்த்தால் மேலதிகமாகக் கிடைக்கும். நிறையச் சேர்த்தவருக்குச் சீஈஓ பட்டம். ஒரு கொம்பனிக்கு நூற்றுக்கணக்கில் சீஈஓ. ஒல்லாந்தன்கூட முதலியார் பதவியை இவ்வளவு மலிவாகக் கொடுக்கவில்லை. அந்த ஓகஸ்டில் வங்காளதேசத்திலும் இங்கேயும் ஒரேயடியாகக் கவிழ்ந்தது. காசு போனதோடு விடவில்லை. ஃபோனில் மிச்சத் தொகைக்கு முன்னால் கழித்தல் அடையாளம் வந்தது. இயந்திரம் உங்களுக்காக நட்டப்பட்டுவிட்டது, நீங்கள்தான் கொம்பனிக்குத் தர வேண்டும் என்று. களவெடுத்தவன் வாசலில் நின்று சாக்குக் கூலி கேட்ட கதை. மத்திய வங்கி அதையும் ஒன்மெக்ஸ்டிரீ என்ற இன்னொன்றையும் வேறு பலவற்றையும் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்று பட்டியலிட்டுப் பத்திரிகையில் போட்டது. எங்கள் ஊரில் அந்தப் பத்திரிகையில் வடை சுற்றிக் கொடுத்தார்கள்.

"சரி, இப்ப உன்ர மூண்டையும் காட்டு" என்றேன்.

மூன்றாவது, இணையக் கடை ஒன்று. சேரக் காசில்லை. ஹெட்ஃபோனும் சட்டியும் விற்கிறது, கொமிசன் சில்லறை. அவனே முகத்தைச் சுளித்துக்கொண்டு காட்டினான். இரண்டாவது, பாடநெறி விற்கிற கொம்பனி. பாடநெறி எதைப் பற்றியது? அந்தப் பாடநெறியை விற்பது எப்படி என்பதைப் பற்றியது. வாலைக் கடிக்கிற பாம்பு. முதலாவதைக் காட்டும்போது அவன் கண் மின்னியது. ஆரோக்கியத் தூள். இருபத்தையாயிரம் ரூபாய்க்கு ஆரம்பப் பொதி. கொமிசன் நாற்பது வீதம்.

"இந்தத் தூளை, கொமிசன் ஒண்டுமே இல்லையெண்டா, வளலாயிலையோ வல்லையிலையோ இருக்கிற முகம் தெரியாத ஒருத்தன் இந்த விலைக்குக் காசு குடுத்து வாங்குவானோ?"

அவன் யோசித்தான். மாமரத்தில் அணில் ஒன்று ஓடினது. நிறைய நேரம் யோசித்தான்.

"இதுவரைக்கும் ஆர் வாங்கினது?" என்றேன்.

"ரெண்டு பேர்."

"சொந்தமோ பிறத்தியோ?"

"சொந்தம்."

"ஆர்?"

அவன் ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். எனக்குப் போன கிழமை ஞாபகம் வந்தது. மனுசி என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, முன்னும் பின்னும் ஃபோனில் படம் எடுத்தாள். எதற்கென்று கேட்டதற்கு அஸ்வெசும நிவாரண விண்ணப்பம் என்றாள். பென்சன்காரனுக்கு எங்கேயிருந்து அஸ்வெசும என்று அப்போது தோன்றவில்லை. அடுப்படித் தட்டில், மல்லித்தூள் போத்தலுக்குப் பின்னால், பச்சை நிறத்தில் இரண்டு பெரிய டப்பா இருப்பதும் இப்போதுதான் கண்ணில் பட்டது.

"மாமா, கோவிக்காதேங்கோ" என்றான். "மாமி என்ர வலக்கால். நீங்கள் இடக்கால்."

உள்ளேயிருந்து மனுசியின் குரல் வந்தது. "இஞ்சேருங்கோ, உங்கட அந்தப் புத்தூர்ச் சிநேகிதருக்கும் வாதம் எண்டு சொன்னியளெல்லே? அவற்ற நம்பரை ஒருக்காத் தாங்கோ."

நான் முக்காலியிலிருந்து காலை இறக்கினேன். விறைத்துப் போயிருந்தது.